கற்பிக்க வந்தவரும் வரவேற்ற பள்ளியும்: தன்னார்வ மொழி ஆசிரியர் குறித்த நெடிய விவாதம்

ஒரு நாட்டின் இளைஞர் இன்னொரு நாட்டுக்குப் போகிறார். ஓராண்டோ ஈராண்டோ தங்கி, அங்குள்ள பள்ளியில் தம் மொழியைக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். பெரிய சம்பளம் கிடையாது. தங்க இடமும் மாதச் செலவுக்கு ஒரு படித்தொகையும் பயணச்சீட்டும் மட்டும் உண்டு. அனுப்பும் நாடு இதை நல்லெண்ணம் என்கிறது. ஏற்கும் நாடு உதவி என்கிறது. இரண்டும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இது பண்பாட்டுப் பரிமாற்றம் ஆகிவிடுகிறது. இதனால் பயன் பெறுபவர் யார்? படிக்கும் மாணவரா, கற்பிக்க வந்தவரா, அவரை அனுப்பிய அரசா?

நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்குப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. அரசுகள் ஒரு விதமாகவும், மொழியியலாளர்கள் வேறு விதமாகவும், காலனிய ஆட்சியை நேரில் கண்டவர்கள் இன்னொரு விதமாகவும் சொன்னார்கள். முக்கியமான நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எவை தாக்குப்பிடித்தன, எவை சரிந்தன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெரும்பாலான பதில்களில் ஒருவர் மட்டும் தொடர்ந்து விடுபட்டுப் போகிறார் என்பதே என் கணிப்பு. வந்தவரோடு அதே வகுப்பறையில் நின்ற உள்ளூர் ஆசிரியர்தான் அவர்.

யாரைத் தன்னார்வலர் என்பது?

ஊதியமே வாங்காதவரைத்தான் தன்னார்வலர் என்போம் என்றால், உலகின் பெரிய திட்டங்கள் பலவும் கணக்கிலேயே வராது. அமெரிக்காவின் பீஸ் கோர், பிரிட்டனின் வி.எஸ்.ஓ., ஜப்பானின் கடல்கடந்த ஒத்துழைப்புத் தன்னார்வலர் திட்டம் ஆகியவை அனைத்தும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருகின்றன. இன்னொரு முனையில், வெளிநாட்டு இளைஞரைப் பள்ளிகளுக்கு உதவி மொழி ஆசிரியராக அழைக்கும் ஜப்பானின் ஜெட் திட்டம் முறையான சம்பளமே தருகிறது. ஆனாலும் அது 1987-இல் தொடங்கியபோது முன்வைத்த முதல் நோக்கம் பன்னாட்டுப் பரிமாற்றம். பங்கேற்பவருக்கு ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயமில்லை, ஏதேனும் ஒரு பட்டம் போதும். ஆகவே பணத்தைவிட இன்னொன்றே இவர்களை ஒரே வகையில் சேர்க்கிறது. ஆசிரியத் தொழிலில் நிலைத்திருக்க இவர்கள் வரவில்லை. குறிப்பிட்ட காலம் இருந்துவிட்டுத் திரும்பும் விருந்தினராகவே வருகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பரந்த பொருளிலேயே பேசுகிறது.

இந்த ஏற்பாட்டின் பழைய வடிவம் ஐரோப்பாவில் உருவானது. பிரிட்டனும் பிரான்சும் இளம் பட்டதாரிகளை ஒன்றின் பள்ளிகளுக்கு இன்னொன்று மொழி உதவியாளர்களாக அனுப்பும் வழக்கம் 1905 முதல் இருக்கிறது. பல்கலைக்கழகங்களிடையேயும் இதே முறை இருந்தது. சாமுவேல் பெக்கெட் 1928-இல் டப்ளினிலிருந்து பாரிஸின் எக்கோல் நார்மால் உயர்கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனது இப்படித்தான். அங்கே அவர் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்சைச் சந்தித்தார். பின்னாளில் பிரெஞ்சிலும் எழுதும் எழுத்தாளரானார். அந்த ஈராண்டில் பாரிஸ் மாணவர்களின் ஆங்கிலம் எவ்வளவு வளர்ந்தது என்பதை இலக்கிய வரலாறு பொருட்படுத்தவில்லை. பின்னால் வந்த மதிப்பீடுகளிலும், கற்பிக்க வந்தவரை மட்டுமே பார்க்கும் இந்தச் சாய்வு தொடர்ந்தது.

பற்றாக்குறையை நிரப்பும் கை

முதல் நிலைப்பாடு எளிமையானது. ஆசிரியர் இல்லாத இடத்துக்கு ஆசிரியர் வருகிறார், அதனால் நன்மை. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் உயர்நிலைப் பள்ளிகளை வேகமாகத் திறந்தபோது இந்த வாதத்துக்கு வலு இருந்தது. 1958-இல் அலெக் டிக்சனும் மோரா டிக்சனும் பிரிட்டனில் வி.எஸ்.ஓ.வைத் தொடங்கினார்கள். முதலில் போனவர்கள் பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த பதினெட்டு வயதினர். சில ஆண்டுகளிலேயே, 1962 முதல், பட்டதாரிகளை அனுப்பும் வழக்கம் வந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது, தகுதியும் வேண்டும் என்று ஏற்கும் நாடுகள் எதிர்பார்த்ததன் அடையாளமாக இதைக் கொள்ளலாம்.

1961 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி பீஸ் கோரை உருவாக்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் முதல் குழு கானாவின் தலைநகர் அக்ராவில் வந்திறங்கியது. அனைவரும் ஆசிரியர்கள். விமான நிலையத்தில் தங்களை வரவேற்க வந்தவர்கள் முன்னால் வரிசையாக நின்று, உள்ளூர் மொழியான ட்வியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். கற்பிக்க வந்தவர்கள் முதலில் கற்றுக்கொண்டு வந்ததைக் காட்டியது அந்த மரியாதை. அன்றுமுதல் 2,40,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இந்தத் திட்டத்தில் பணியாற்றியிருக்கிறார்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தியாவிலும் வெவ்வேறு காலங்களில் அது இயங்கியது. கல்விதான் அதன் ஆகப்பெரிய துறை; அதில் ஆங்கிலம் கற்பித்தல் எப்போதும் பெரிய பங்கு.

பற்றாக்குறை வாதத்தின் பலவீனம் அதற்குள்ளேயே இருக்கிறது. வெற்றிடத்தை நிரப்ப வந்தவர் ஈராண்டில் போய்விட்டால் வெற்றிடம் மீண்டும் வரும். அடுத்தவரும் வந்தால், உள்ளூரில் ஆசிரியரை உருவாக்கி நியமிக்க வேண்டிய அரசுக்கு அவசரம் குறையும். இதை எல்லா நாட்டுக்கும் பொதுவான விதியாகச் சொல்ல முடியாது. தென் கொரியா 1966-இலிருந்து 1981 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் பீஸ் கோர் தன்னார்வலர்களை ஏற்றது. அவர்களில் பெரும்பாலோர் நடுநிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கிலம் கற்பித்தார்கள். அந்தக் காலத்தில் கொரியா தன் ஆசிரியப் பயிற்சியைத் தள்ளிப்போடவில்லை. பிறகு தானே தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடாக மாறியது. 1991-இல் கோய்கா என்ற வெளிநாட்டு உதவி நிறுவனத்தையும் நிறுவியது. உள்நாட்டில் முதலீடு இருந்தால் விருந்தினர் உதவி உதவியாகவே இருக்கும். இல்லையென்றால் பழக்கமாகிவிடும் என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது.

நட்பின் தூதர்

இரண்டாவது நிலைப்பாடு மொழியைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. வினைச்சொல்லின் காலங்களை மாணவர் மறந்துபோகலாம். ஆனால் ஓர் அந்நியரை நெருக்கமாக அறிந்த நினைவு தங்கும் என்பதே அதன் சாரம். பீஸ் கோரின் மூன்று நோக்கங்களில் இரண்டு இதைத்தான் சொல்கின்றன: அமெரிக்கரைப் பற்றிப் பிறருக்கு நல்ல புரிதல், பிறரைப் பற்றி அமெரிக்கருக்கு நல்ல புரிதல். அரசியல் அறிஞர் ஜோசப் நை 1990-இல், வற்புறுத்தாமல் ஈர்ப்பால் செல்வாக்குப் பெறும் மென்சக்தி என்ற கருத்தை முன்வைத்த பிறகு அரசுகள் இதை வெளிப்படையாகவே வெளியுறவுக் கொள்கையின் மொழியில் பேசத் தொடங்கின.

இதற்கு உளவியலில் ஓர் அடித்தளம் உண்டு. கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதிய நூலில், இரு குழுவினர் பழகுவதால் மட்டுமே தப்பெண்ணம் குறைந்துவிடாது என்றார். சமமான நிலை, பொதுவான இலக்கு, கூட்டு முயற்சி, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால் குறையும் என்றார். தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடர்பு பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, நான்கு நிபந்தனைகளும் இருந்தால் கூடுதலாகக் குறைக்கிறது என்று கண்டார்கள்.

நமக்கு இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஆசிரியரும் மாணவரும் சம நிலையில் இல்லை. ஒருவர் மதிப்பெண் போடுகிறார், மற்றவர் வாங்குகிறார். ஒருவருக்கு வேண்டிய மொழி பிறந்த வீட்டிலேயே கிடைத்தது, மற்றவர் அதற்காக உழைக்கிறார். ஆல்போர்ட்டின் நிபந்தனைகள் அப்படியே பொருந்தக்கூடிய இடம் வகுப்பறை அல்ல, ஆசிரியர் அறை. அங்கேதான் வந்தவரும் உள்ளூர்க்காரரும் சக ஊழியர்கள். இருவருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே தலைமையாசிரியர். நட்பு வாதம் நிற்க வேண்டுமானால் அது முதலில் அங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் திட்ட அறிக்கைகளின் படங்களில் நாம் காண்பது வந்தவரும் அவரைச் சூழ்ந்த குழந்தைகளும்தான்.

கொரியாவுக்கே திரும்புவோம். கேத்லீன் ஸ்டீபன்ஸ் 1975-இல் யேசான் என்ற சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போனார். 2008-இல் அதே நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகத் திரும்பினார். கொரிய மொழி பேசிய முதல் அமெரிக்கத் தூதர் அவர். வரலாற்றாசிரியர் புரூஸ் கமிங்சும் பீஸ் கோர் வழியாகவே கொரியாவை அறிந்தவர். ஆனால் 1981-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய கொரியப் போர் வரலாறு, அமெரிக்கக் கொள்கையின் மீதான கடுமையான விமர்சனங்களில் ஒன்று. நட்புத் தூதரை அனுப்பும் அரசு அவர் என்ன சிந்தனையோடு திரும்புவார் என்பதைத் தீர்மானிக்க முடியாது. மென்சக்தி வாதத்தின் முக்கியமான ஓட்டை இது. பரிமாற்றத்தின் சிறந்த பலனும் இதுவே. 2020-இல் பெருந்தொற்றின்போது, கொரியா பவுண்டேஷன் அமெரிக்காவில் வாழும் அந்தப் பழைய தன்னார்வலர்களுக்கு முகக்கவசங்களும் பிற பொருள்களும் அடங்கிய பெட்டிகளை அனுப்பியது. நாற்பது, ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்த நினைவு ஒரு நாட்டின் நிறுவன அளவில் உயிரோடு இருந்தது.

எல்லா இடத்திலும் கதை இப்படிப் போகவில்லை. 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாடானில் பயிற்சியிலிருந்த ஒரு தன்னார்வலர், அங்குள்ள வாழ்க்கை நிலையைப் பின்தங்கியதாக வருணித்து ஊருக்கு எழுதிய அஞ்சலட்டை வழியில் விழுந்து மாணவர்கள் கையில் கிடைத்தது. வளாகத்தில் பெரும் போராட்டம் வெடித்தது. அவர் நாடு திரும்ப நேர்ந்தது. நெருங்கிப் பழகினால் மதிப்பு தானாகவே வளரும் என்ற நம்பிக்கைக்கு, திட்டம் தொடங்கிய ஆண்டிலேயே கிடைத்த எச்சரிக்கை அது.

மொழியோடு வரும் அதிகாரம்

மூன்றாவது நிலைப்பாடு கண்டனம். இதன் வேர் தன்னார்வலர் காலத்துக்கு முந்தியது. 1901 ஆகஸ்டில் தாமஸ் என்ற அமெரிக்கப் படைக் கப்பல் சுமார் 500 ஆசிரியர்களோடு மணிலா வந்து சேர்ந்தது. அவர்கள் சம்பளம் பெற்றவர்கள்தான். ஆனால் தொண்டு உணர்வோடு தொலைதூரம் போய் ஆங்கிலம் கற்பித்த இளைஞர் என்ற படிமம் அவர்களிடமிருந்தே பிறந்தது. பிலிப்பைன்ஸ் வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கான்ஸ்டான்டினோ 1960-களில் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கல்வியைக் கடுமையாக மறுத்தார். ஆங்கிலம் பயிற்றுமொழியானதால் பிலிப்பினோக்கள் தம் கடந்த காலத்திலிருந்தே பிரிக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம்.

இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன். அவரே முன்பு பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1992-இல் வந்த 'மொழி ஏகாதிபத்தியம்' என்ற ஆங்கில நூலில், 1961-இல் உகாண்டாவின் மெக்கரேரேயில் ஆங்கிலம் கற்பித்தல் குறித்து நடந்த காமன்வெல்த் மாநாட்டின் முடிவுகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும்; சிறந்த ஆசிரியர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்; எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது; எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது; பிற மொழிகள் புழங்கினால் ஆங்கிலத் தரம் குறையும். இந்த ஐந்தும் ஆய்வில் நிறுவப்பட்ட உண்மைகள் அல்ல, ஆங்கில நாடுகளுக்கு வசதியான நம்பிக்கைகள் என்றார் அவர். பயிற்சியற்ற இளைஞரைக்கூட மொழி ஆசிரியராக அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டாவது நம்பிக்கையே கால் ஊன்ற இடம் கொடுத்தது.

அதிகாரம் ஆங்கிலத்தோடு மட்டும் வருவதில்லை. 2004-இல் சியோலில், சீன மொழி கற்பிக்கும் முதல் கன்பூசியஸ் நிலையம் திறந்தது முதல் சீனா பல்லாயிரம் இளைஞர்களைத் தன்னார்வச் சீன மொழி ஆசிரியர்களாக உலகெங்கும் அனுப்பியது. பத்தாண்டில் எதிர்ப்பு வந்தது. 2014-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இந்த நிலையங்கள் சீன அரசின் கரமாகச் செயல்படுகின்றன என்று எச்சரித்தது. அமெரிக்காவில் அவற்றில் பெரும்பாலானவை அடுத்தடுத்து மூடப்பட்டன. எதிர்த்திசையில், 1993 முதல் சீனக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்துவந்த பீஸ் கோர் தன்னார்வலர்களை அமெரிக்கா 2020-இல் நிரந்தரமாகத் திரும்பப் பெற முடிவெடுத்தது. யாங்சே நதிக்கரையின் ஃபூலிங்கில் 1996 முதல் ஈராண்டு கற்பித்த பீட்டர் ஹெஸ்லர், சீனாவை ஆங்கில வாசகருக்கு மிக நுணுக்கமாக அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவரானது அந்தத் திட்டத்தால்தான். இரு நாடுகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள மிகவும் தேவைப்படும் வேளையில் இரு வழிகளும் குறுகின. இது வருந்தத்தக்க இழப்பு.

அதிகார வாதத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 1918-இல் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி சென்னைக்கு வந்து இந்தி கற்பிக்கத் தொடங்கியபோது, பலரும் அதைத் தேசத்தொண்டாகவே பார்த்தார்கள். விருப்பப்பட்டவர்கள் போய்ப் படித்தார்கள். 1938-இல் பள்ளிகளில் அதே மொழி கட்டாயமானபோது தெருவில் போராட்டம் மூண்டது. கற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் இரண்டு காலமும் வேறுபட்டன. நாடுகளுக்கிடையே செல்லும் தன்னார்வலர் விஷயத்திலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

யாழ்ப்பாணத்து வகுப்பறை காட்டியது

கண்டன வாதத்தின் பலவீனத்தை உள்ளிருந்து சுட்டிக்காட்டியவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் தம் மாணவர்களைக் கூர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு, 1999-இல் மொழி ஏகாதிபத்திய எதிர்ப்பு பற்றிய நூலாக விரிந்தது. அவர் வகுப்பில் இருந்தது வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அமெரிக்கப் பாடநூல். அதில் வந்த மனிதர்களும் இடங்களும் வாழ்க்கையும், மின்சாரமும் காகிதமும் அரிதாகிவிட்ட அந்த ஊருக்கு எட்டாதவை.

மாணவர்கள் பாடநூலை வீசி எறியவில்லை. பணிந்து ஏற்கவும் இல்லை. அவர்களுக்குத் தேர்வில் தேற ஆங்கிலம் வேண்டியிருந்தது. பக்க ஓரங்களில் அவர்கள் கிறுக்கியிருந்தவற்றைக் கனகராஜா பிறகு சேகரித்துப் படித்தார். பாடநூல் காட்டிய உலகத்தின் மேலேயே தங்கள் உலகத்தின் படங்களையும் சொற்களையும் அவர்கள் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் கண்ணில் படாத அந்த ஓரங்களில் வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது.

இந்த ஒரு காட்சி விவாதத்தின் போக்கையே மாற்றியது எனலாம். கற்பவர் வெறும் பலியாள் என்று கொள்ளும் கோட்பாடு, கற்பவரின் அறிவை மதிக்கவில்லை. வந்த மொழியை எடுத்துத் தமக்கேற்ப வளைத்துக்கொள்ளும் ஆற்றல் மாணவருக்கு உண்டு என்றார் கனகராஜா. அதற்குத் துணைநிற்கும் ஆசிரியருக்கு மாணவரின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அவர் எழுத்திலிருந்து நாம் பெறக்கூடிய முடிவு. தமிழ் படிக்கத் தெரியாத ஒரு தன்னார்வலர் கையில் அந்தப் பாடநூல்கள் கிடைத்திருந்தால், அவற்றில் கிறுக்கல் மட்டுமே தெரிந்திருக்கும்.

தாய்மொழியாக இருந்தால் போதுமா?

இங்கிருந்து விவாதம் தகுதிக்குத் திரும்புகிறது. ஹங்கேரியின் பீட்டர் மெட்ஜெஷ் 1990-களின் தொடக்கத்தில், தாய்மொழியாளர், பிறமொழியாளர் ஆகிய இரு வகை ஆசிரியர்களில் யாருக்கு மதிப்பு அதிகம் என்று கேட்டார். தாய்மொழியாளரிடம் சரளமும் இயல்பும் உண்டு. ஆனால் அந்த மொழியைப் பிறகு கற்றுத் தேர்ந்தவருக்கு, எந்த இடத்தில் தடுக்கும், எப்படித் தாண்டலாம் என்பது சொந்த அனுபவத்தில் தெரியும். மாணவரின் மொழியில் விளக்கவும் முடியும். இருவரும் சேர்ந்து கற்பிப்பதே சிறப்பு என்பது அவர் முடிவு. 2006-இல் ஆங்கிலம் கற்பிப்போரின் பன்னாட்டுச் சங்கமான டெசோல், தாய்மொழியாளர் இல்லை என்ற காரணத்தால் ஆசிரியரை ஒதுக்குவதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது.

சேர்ந்து கற்பித்தல் என்பது நடைமுறையில் எப்படி இருக்கிறது? ஜெட் திட்டம் இதற்கு நல்ல சோதனைக் களம். 1987-இல் நான்கு நாடுகளிலிருந்து 848 பேரோடு தொடங்கிய அது, இப்போது ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டிருக்கிறது. மானுடவியலாளர் டேவிட் மெக்கானல் 2000-இல் எழுதிய நூல், மேலிருந்து வந்த ஆணை கீழே ஒவ்வொரு பள்ளியிலும் வெவ்வேறாக உருமாறியதைக் காட்டியது. சில பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியர் இலக்கணத்தை விளக்குவார், உதவி ஆசிரியர் பாடத்தை உரக்கப் படிப்பார், மாணவர் திருப்பிச் சொல்வார்; அத்தோடு அவர் வேலை முடிந்தது. தாங்கள் ஓர் ஒலிநாடாவாக நடத்தப்படுவதாகப் பல உதவியாளர்கள் குறைபட்டார்கள். நியாயமான குறைதான். ஆனால் அதே வகுப்பில் நுழைவுத் தேர்வுக்கு மாணவரைத் தயார்செய்யும் பொறுப்பைச் சுமந்த ஜப்பானிய ஆசிரியரின் இடத்திலிருந்தும் அதைப் பார்க்க வேண்டும். முன்பயிற்சி இல்லாத ஒருவர் அவர் கையில் கொடுக்கப்படுகிறார். அவரோடு பாடம் திட்டமிட நேரம் ஒதுக்கப்படுவதில்லை. ஓரிரு ஆண்டில் அவர் போய், புதியவர் வருகிறார். அறிமுகப் படலம் மறுபடி தொடங்குகிறது.

முதலில் கற்றுக்கொள் என்ற வாதம்

1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில், கோடை விடுமுறையில் மெக்சிகோ ஏழைகளுக்கு உதவ வந்த அமெரிக்க மாணவர் அமைப்பினர் முன் சிந்தனையாளர் இவான் இல்லிச் ஆற்றிய உரை, தன்னார்வலர் இலக்கியத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. நீங்கள் உதவ விரும்பும் மக்களோடு உங்களால் பேசக்கூட முடியாது. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அதன் சுருக்கம்.

இந்த உரையை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் சேர்த்துச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. இல்லிச் அதே ஊரில் நடத்திய நிலையம், லத்தீன் அமெரிக்காவுக்குப் போகவிருந்த பாதிரியாருக்கும் தன்னார்வலருக்கும் தீவிர ஸ்பானிய வகுப்புகள் நடத்தியது. ஆகவே அவர் எதிர்த்தது எல்லை தாண்டிச் செல்வதை அல்ல. அங்குள்ள மொழி தெரியாமல், கற்க மனமும் இல்லாமல், ஆசிரியராகவே போய் நிற்பதை. இதை ஒரு நடைமுறை அளவுகோலாகவே கொள்ளலாம்: தம் மொழியைக் கற்பிக்கப் போகிறவர் அங்குள்ள மொழியை எவ்வளவு காலம் படித்தார்? பீஸ் கோர் தொடக்கத்திலிருந்தே பணிக்கு முன் சில வார மொழிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஜப்பானின் கடல்கடந்த தன்னார்வலர் திட்டமும், 1965-இல் லாவோசுக்குப் போன முதல் அணியிலிருந்து, புறப்படுமுன் மொழிப்பயிற்சி தருகிறது. பணம் கட்டிச் சில வாரங்கள் மட்டும் கற்பித்துத் திரும்பும் சுற்றுலா வகைத் திட்டங்களில் இது பொதுவாக இருப்பதில்லை. அவற்றை இந்த மரபோடு சேர்த்துப் பேசுவதே தவறு என்பது என் கருத்து.

திசை மாறும்போது

எல்லாத் திட்டமும் ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்கும் அமைப்பில் இல்லை. 1963 ஜனவரியில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதே ஆண்டு கோடையில் இரு நாட்டு இளைஞருக்கான பொது அலுவலகத்தை நிறுவின. மூன்று தலைமுறைகளில் மூன்று போர்களில் மோதிய இரு நாடுகள் அவை. அந்த அலுவலகத்தின் முகாம்களில் வளர்ந்த டாண்டம் முறையில் ஒரு ஜெர்மானியரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இணையாக உட்காருவார்கள். முதலில் ஒருவர் ஆசிரியர், சற்று நேரத்தில் மற்றவர் ஆசிரியர். தடுமாறும் அனுபவம் இருவருக்கும் சம அளவில் கிடைக்கிறது. ஆல்போர்ட்டின் சமநிலை நிபந்தனையை இவ்வளவு நேரடியாக நிறைவேற்றும் ஏற்பாடு வேறு இல்லை என்றே சொல்லலாம். இதன் வரம்பும் தெளிவானது: இரு மொழிக்கும் ஓரளவு சமமான மதிப்பு இருக்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க வருபவரிடம் பதிலுக்கு ட்வியையோ லாவோவையோ கற்கச் சொன்னால் அவர் எவ்வளவு தூரம் கற்பார் என்பது அந்த மொழிகளுக்கு உலகம் கொடுக்கும் விலையைப் பொறுத்தது. அந்த விலையை மாற்ற ஒரு முகாமால் முடியாது.

ஜப்பானில் இன்னொரு திருப்பம் நிகழ்ந்தது. 1990-இல் குடியேற்றச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபின், ஜப்பானிய வம்சாவளிப் பிரேசிலியர் ஹமமட்சு போன்ற தொழில் நகரங்களுக்குப் பெருமளவில் வந்தார்கள். அவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பித்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள். சமுதாயக் கூடங்களில் வாரம் ஒருமுறை வகுப்பு. இன்றும் ஜப்பானுக்குள் ஜப்பானிய மொழி கற்பிப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேர் தன்னார்வலர்களே. இங்கும் அதே கேள்வி எழுந்தது: கற்பிப்பவர், கற்பவர் என்ற பிரிவு வந்தவர்களை எப்போதும் குறையுள்ளவர்களாகவே வைக்காதா? 1995 கோபே நிலநடுக்கத்தில் வெளிநாட்டவர் பலருக்கு அறிவிப்புகள் புரியாமல் போன அனுபவத்திலிருந்து எளிய ஜப்பானியம் என்ற இயக்கம் பிறந்தது. வந்தவர் நம் மொழியைக் கற்பதுபோல, நாமும் அவருக்குப் புரியும்படி பேசக் கற்க வேண்டும் என்றது அது. 2019-இல் ஜப்பான் ஜப்பானிய மொழிக் கல்வியை அரசின் கடமையாக்கும் சட்டத்தை இயற்றியது. 2024-இல் ஆசிரியருக்கான பதிவுமுறை நடைமுறைக்கு வந்தது. தொண்டு எங்கே முடிந்து அரசின் பொறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதில் ஒரு நாடு எடுத்த தெளிவான முடிவாக இதைப் பார்க்கலாம்.

எதுவரை உறுதி, எது இன்னும் கேள்வி

தன்னார்வலர் தாமே மாறுகிறார் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. அவர்களில் பலர் அறிஞராகவும் எழுத்தாளராகவும் தூதராகவும் ஆனார்கள். மாணவரின் மொழித்திறன் எவ்வளவு உயர்ந்தது என்பதில் சான்று பலவீனம். பீஸ் கோர் 2000-களின் பிற்பகுதியில் ஏற்கும் நாட்டு மக்களிடம் நடத்திய தாக்க ஆய்வுகள் பெரும்பாலும் நல்ல சித்திரத்தையே தருகின்றன. ஆனால் தன்னார்வலரோடு பழகியவர்களிடமே கேட்டுப் பெற்ற பதில்கள் அவை. பழகாத பள்ளிகளோடு ஒப்பிட்டவை அல்ல. மொழி ஏகாதிபத்தியக் கண்டனம் அமைப்பைச் சரியாகவே அடையாளம் கண்டது. தனி வகுப்பறையில் நடப்பதை அதனால் முழுவதும் விளக்க முடியவில்லை. தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கை ஆய்வுலகில் சரிந்துவிட்டது. பெற்றோரிடமும் பள்ளி நிர்வாகங்களிடமும் அது இன்னும் சரியவில்லை.

2020 மார்ச்சில் பீஸ் கோர் தன் வரலாற்றில் முதன்முறையாக உலகெங்கும் இருந்த ஏறத்தாழ 7,000 தன்னார்வலர்களையும் ஒரே நேரத்தில் திரும்ப அழைத்தது. பல பள்ளிகளில் ஆண்டு நடுவே நாற்காலி காலியானது. அடுத்த நாள் அந்த வகுப்பை எடுத்தவர் உள்ளூர் ஆசிரியர். அவருக்கு வந்தவரிடமிருந்து ஏதேனும் பாடத்திட்டமோ முறையோ மிஞ்சியதா? அல்லது தான் ஒதுங்கி நின்ற ஓராண்டை ஈடுகட்ட வேண்டியிருந்ததா? பற்றாக்குறை வாதம், நட்பு வாதம், தகுதி வாதம் மூன்றையும் ஒரே இடத்தில் சோதிக்கக்கூடிய கேள்விகள் இவை. இணையவழித் தன்னார்வம் அதன்பின் பரவியிருப்பதால் இன்னொன்றும் சேர்கிறது: ஆசிரியர் அறையில் உட்காராத, தேநீர் பகிராத ஒருவரால் அந்த உறவின் எந்தப் பகுதியைக் கொடுக்க முடியும்?

இத்தகைய திட்டங்கள் தொடர வேண்டும் என்றே நினைக்கிறேன். நாடுகள் கதவை மூடிக்கொள்ளும் காலத்தில் இன்னும் கூடுதலாக. ஆனால் மூன்று மாற்றங்கள் தேவை. புறப்படுமுன் அங்குள்ள மொழியில் கணிசமான பயிற்சி வேண்டும். சேர்ந்து திட்டமிடும் நேரம் உள்ளூர் ஆசிரியரின் பணிநேரத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு திட்டத்தின் மதிப்பீட்டிலும் அந்த ஆசிரியரின் சாட்சியம், அவர் மொழியிலேயே, பெயர் வெளியிடாமல் பதிவாக வேண்டும். மூன்றாவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அனுப்பும் அரசுகளும் ஏற்கும் அரசுகளும் அதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.